தும்பாக் கடற்கரையில் ஒரு கணக்கு: விக்ரம் சாராபாயின் வாழ்க்கை

விண்வெளி ஆய்வுக்கு அரசாங்கம் மக்கள் பணத்தைச் செலவிடுவது தேவைதானா? இடைநிலைப்பள்ளிச் சொற்போரிலும் பல்கலைக்கழகப் பட்டிமன்றத்திலும் ஆண்டுதோறும் சலிக்காமல் வந்து நிற்கும் தலைப்பு இது. ஓர் அணி நிலவில் கால் வைத்த அமெரிக்கரைச் சொல்லும். மற்ற அணி பசித்த வயிற்றைச் சொல்லும். நடுவர் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி முடித்து வைப்பார்.

பணம் கொழித்த நாட்டை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்பதில் சுவை குறைவு. ரேஷன் கடை வாசலில் கோதுமைக்காக வரிசை நிற்கும் ஒரு நாட்டில் கேட்டால்தான் அதற்கு முள் முளைக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில், அப்படிப்பட்ட காலத்தில், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் இருந்தவர் டாக்டர் விக்ரம் அம்பாலால் சாராபாய். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை என்று பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துபோகும் மனிதர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் பேசினாலும் கைகொடுக்கும்.

அவர் 1919 ஆகஸ்ட் 12ஆம் நாள் குஜராத்தின் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய் பெரும் துணி ஆலை முதலாளி. விக்ரம் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1918இல், அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளர் பக்கம் காந்தியடிகளோடு முன்னின்றவர் அனசூயா சாராபாய். அவர் அம்பாலாலின் உடன்பிறந்த அக்காள். முதலாளிகள் பக்கம் தலைமை தாங்கியவர் தம்பி அம்பாலால். காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்து, கடைசியில் 35 விழுக்காடு கூலி உயர்வு கிடைத்தது. அக்காளும் தம்பியும் எதிரெதிர் அணியில் நின்றபோதும் உறவு முறியவில்லை. செல்வத்தில் பிறந்த பையனுக்கு, அந்தச் செல்வம் யாருடைய உழைப்பு என்று கேட்கும் ஓர் அத்தையும் வீட்டிலேயே இருந்தார். பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளைப் பார்க்கும்போது இந்தக் குடும்பச் செய்தியை ஒதுக்கிவிட முடியவில்லை.

எட்டுப் பிள்ளைகள் இருந்த அந்தக் குடும்பம் வீட்டு வளாகத்திலேயே ஒரு பள்ளியை நடத்தியது. தாகூர், காந்தி, நேரு போன்றவர்கள் வந்துபோகும் வீடு. பிறகு குஜராத் கல்லூரி, அதன்பின் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. இரண்டாம் உலகப் போர் மூண்டதால் நாடு திரும்பி, பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் கீழ் அண்டக்கதிர் ஆய்வில் இறங்கினார். வெளியண்டத்திலிருந்து ஓயாமல் பூமியைத் தாக்கும் நுண்துகள்களை அண்டக்கதிர்கள் என்கிறோம். அவற்றை அளக்கப் புறப்பட்டவர், வளிமண்டலத்தின் மேல்தளங்களை நோக்கித் தானாகவே இழுக்கப்பட்டார். போர் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இடையில், 1942இல், அவருக்கும் நடனக்கலைஞர் மிருணாளினி சுவாமிநாதனுக்கும் திருமணம் நடந்தது. மிருணாளினி சென்னை வழக்கறிஞர் வீட்டுப் பெண். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். மலேசிய மாணவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. மிருணாளினியின் அக்காள்தான் கேப்டன் லட்சுமி. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர். அந்தப் படையில் துப்பாக்கி ஏந்தியவர்களில் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். நம் பாட்டிமார் காலத்துக் கதையோடு இந்திய ராக்கெட் கதைக்கு இப்படி ஒரு சம்பந்தி உறவு இருக்கிறது.

1947 நவம்பரில், 28 வயதில், அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு கல்லூரியில் கிடைத்த அறைகள்தாம் ஆய்வுக்கூடம். அதன் முதல் இயக்குநராக வந்தவர் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த வானிலை அறிஞர் கே.ஆர். ராமநாதன். குடும்பத் தொழிலைக் கவனித்தபடியே துணி ஆலைகளுக்கான ஆராய்ச்சிச் சங்கம், 1961இல் அகமதாபாத் மேலாண்மைக் கழகம், மனைவியோடு சேர்ந்து தர்ப்பணா கலைக்கூடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுவினார். இந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு பொதுத்தன்மையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் ஆளைத் தேடினார். கட்டடம் பிறகு வந்தது.

1962இல் அணுசக்தித் துறையின் கீழ் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைந்தது. அதன் தலைவர் சாராபாய். ராக்கெட் ஏவ ஓர் இடம் வேண்டும். எங்கே?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னது இயற்கை. பூமிக்கு நடுக்கோடு இருப்பதுபோல், அதன் காந்தப்புலத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அந்தக் காந்த நடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு பெரும் மின்னோட்டம் ஆற்றைப்போல ஓடுகிறது. வானொலி அலைகள் அந்த உயர்மண்டலத்தைச் சார்ந்தே நெடுந்தூரம் போகின்றன. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த அடுக்கைத் தொட்டுப் பார்க்கச் சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்றுதான் வழி. காந்த நடுக்கோடு கடந்துபோகும் ஊர்களில் ஒன்று, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா என்ற மீனவக் குப்பம்.

தும்பாவில் தென்னை இருந்தது, மணல் இருந்தது, மீனவர் குடிசைகள் இருந்தன, புனித மகதலேனா மரியாள் தேவாலயம் இருந்தது. வேறொன்றும் இல்லை. நிலத்தைக் கேட்டு அதிகாரிகள் தயங்கி நின்றபோது, சாராபாய் நேரே திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவைப் பார்க்கப் போனார். ஆயர் உடனே பதில் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரச் சொன்னார் என்றும், அங்கே மக்கள் முன்னிலையில் செய்தியை வைத்து அவர்களின் சம்மதத்தைக் கேட்டார் என்றும், அப்போது அங்கே இளம் பொறியாளராக வேலை செய்த அப்துல் கலாம் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மக்கள் சம்மதித்தார்கள். வீட்டையும், வழிபட்ட கோயிலையும், மூதாதையர் படகு இறக்கிய கரையையும் விட்டுப் புது இடத்துக்குப் பெயர்ந்தார்கள். விண்வெளிக்கு எவ்வளவு செலவு என்று ரூபாயில் கணக்குப் பார்ப்பவர்கள் இந்தச் செலவை எழுத மறந்துவிடுகிறார்கள். எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

தேவாலயம் வேலைக்கூடமானது. ஆயர் இல்லம் அலுவலகமானது. மாட்டுக்கொட்டகை ஆய்வுக்கூடமானது. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் போயின; பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் 1966இல் எடுத்த அந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்கா தந்தது. உள்ளே இருந்த சோடிய ஆவிக் கருவி பிரான்ஸ் தந்தது. ராக்கெட்டைத் தூக்கும் கிரேனில் எண்ணெய் கசிந்து கடைசி நேரத்தில் மக்கர் செய்ய, ஆட்களே தோள் கொடுத்து நிறுத்தினார்கள். அந்தி வானில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உயரத்தில் செம்மஞ்சள் மேகம் ஒன்று பூத்தது. கீழே கேரளத்திலும் குமரி முனையிலும் மக்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

பார்க்க அழகுதான். ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு இராமேசுவரம் தீவைப் புயல் தாக்கியது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலுக்குள் போனது. தொடர்ந்து 1965இலும் 1966இலும் மழை பொய்த்தது. பீகாரில் பஞ்சம். 1966ஆம் ஆண்டில் மட்டும் இந்தியா ஏறத்தாழ 1 கோடி டன் தானியத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. பெரும்பங்கு அமெரிக்கக் கோதுமை. கப்பல் துறைமுகத்தைத் தொட்டால்தான் அடுத்த வேளை அடுப்பு எரியும் என்ற நிலை. அதே ஆண்டுகளில் தும்பாவில் ராக்கெட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. இது யாருக்கு வேண்டும் என்று நாடாளுமன்றத்திலும் பத்திரிகையிலும் கேட்காமல் இருப்பார்களா? கேட்டார்கள். கேட்டது நியாயமும்கூட.

சாராபாயின் பதில் என்ன என்பதுதான் நமக்கு முக்கியம். அவர் பெருமையைக் காட்டிப் பேசவில்லை. பணக்கார நாடுகளோடு நிலவுக்கோ கோள்களுக்கோ போட்டி போடுவதும், மனிதனை விண்ணுக்கு அனுப்பிக் காட்டுவதும் இந்தியாவின் வேலை இல்லை என்பதை வெளிப்படையாகவே சொல்லிவந்தார். அப்படியானால் ராக்கெட் எதற்கு? முன்னேறிய தொழில்நுட்பத்தைச் சாதாரண மனிதனின் உண்மையான சிக்கலுக்குப் பயன்படுத்துவதில் இந்தியா எவருக்கும் பின்தங்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஏழை நாடு, பணக்கார நாடு போன வழியிலேயே படிப்படியாக ஏறவேண்டும் என்ற கட்டாயமில்லை. சில படிகளைத் தாண்டியே போகலாம் என்றும் அவர் நம்பினார்.

தொலைக்காட்சியை எடுத்துக்கொள்வோம். நாடு முழுதும் கோபுரங்கள் நட்டு, ஒவ்வொரு நகரமாக ஒளிபரப்பை விரித்தால், கடைசிக் கிராமத்துக்குப் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். நகரம் முதலில் பார்க்கும். குப்பம் கடைசியில் பார்க்கும். பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டரில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், டெல்லியும் ஒரிசா மலைக் கிராமமும் அதற்கு ஒரே தூரம்தான். சாலை இல்லாத ஊருக்கும் அதே நாளில் அது போய்ச்சேரும். விதை எப்படித் தேர்ந்தெடுப்பது, குழந்தைக்கு எப்போது ஊசி போடுவது என்பதைக் காட்ட இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்று அவரும் அவருடைய குழுவினரும் கணக்குப் போட்டார்கள். செலவு செய்யலாமா என்று கேட்டவர்களிடம், செய்யாமல் இருந்தால் ஆகும் செலவு எவ்வளவு என்று அவர் திருப்பிக் கணக்குக் காட்டினார் என்று சொல்லலாம்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தார். அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயின் தோளில் ஏறியது. அகமதாபாத், பம்பாய், டெல்லி, திருவனந்தபுரம் என்று ஓயாத பயணம். 1967 நவம்பரில், இந்தியாவிலேயே செய்த முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர். டென்னிஸ் பந்தைவிடச் சற்றே பருமன். கேலி செய்தவர்கள் உண்டு. 1969 ஆகஸ்ட் 15ஆம் நாள் இஸ்ரோ பிறந்தது. அதே ஆண்டு, அமெரிக்காவின் நாசாவோடு ஓர் ஒப்பந்தம்: அவர்களுடைய செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இந்தியக் கிராமங்களின் பக்கம் திருப்பித் தருவார்கள், நிகழ்ச்சியும் தரைக் கருவிகளும் இந்தியாவின் பொறுப்பு.

இங்கே தென்னை மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேரளத் தென்னந்தோப்புகளை வேர்வாடல் நோய் அரித்துக்கொண்டிருந்தது. நோய் கண்ணுக்குத் தெரியும்போது மரம் கைவிட்டுப் போயிருக்கும். ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் தோப்புகளைப் படம் பிடித்தால், நோயுற்ற மரம் வேறு நிறத்தில் விழும் என்று பிஷாரடி என்ற வானிலை அறிஞரின் தலைமையில் சோதித்துப் பார்த்தார்கள். அதற்கு ஊக்கம் தந்தவர் சாராபாய். இந்தியாவின் தொலையுணர்வுத் துறை, ஆகாயத்திலிருந்து நிலத்தை வாசிக்கும் கலை, தொடங்கியது அங்கேதான். லாபிஸுக்கும் யோங் பெங்கிற்கும் நடுவில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சாஆவில் உள்ளவர்களுக்கு இது வேற்றூர்க் கதையாகத் தோன்றாது. செம்பனையின் அடிமரத்தை அழுக வைக்கும் கானோடெர்மா பூஞ்சையும் அப்படித்தான். வெளியே தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். அதை வானிலிருந்து முன்கூட்டியே கண்டுபிடிக்க மலேசிய ஆய்வாளர்கள் முயன்றுவருவதும் இதே வழியில்தான்.

1971 டிசம்பர் 30ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில், கடலோர மாளிகை ஒன்றில் தங்கியிருந்தபோது உறக்கத்திலேயே சாராபாய் இறந்தார். வயது 52. முதல் நாள் முழுதும் தும்பாவில் வேலை. சொந்தச் செயற்கைக்கோள் ஒன்றையும் அவர் காணவில்லை. ஆரியபட்டா ஏறியது 1975இல். இந்திய ராக்கெட் இந்தியச் செயற்கைக்கோளைச் சுமந்தது 1980இல்.

அவர் போட்ட கணக்கு சரியாக வந்ததா?

முதலில் கிராமத் தொலைக்காட்சி. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு விண்ணிலிருந்து நேரே நிகழ்ச்சி வந்தது. கோழிவலைக் கம்பியில் செய்த வட்ட அலைவாங்கியைக் கூரைமேல் வைத்து, ஊரே ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்து பார்த்தது. உலகம் அதற்குமுன் கண்டிராத பெரிய சோதனை. ஓராண்டு முடிந்ததும் ஒப்பந்தப்படி நாசா செயற்கைக்கோளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பெரும்பாலான கிராமங்களின் திரை இருண்டது. 1983இல் இன்சாட்-1பி வந்து நாடெங்கும் தொலைக்காட்சி விரிந்தபோது, அதில் விதையும் ஊசியும் ஓரத்துக்குப் போய், தொடர்நாடகமும் விளம்பரமும் நடுவில் உட்கார்ந்தன. சாராபாய் விரும்பிய கல்விப்பெட்டி அவர் விரும்பிய அளவுக்கு அமையவில்லை. குழாயைப் பதிப்பது ஒரு வேலை. அதில் என்ன வரும் என்று முடிவு செய்வது வேறு வேலை. ஓட்டை என்று முன்பு சொன்னது இதைத்தான்.

அடுத்தது வானிலை. இங்கே கணக்கு வேறு மாதிரி நிற்கிறது. 1999 அக்டோபரில் ஒடிசாவை அடித்த பெரும்புயலில் 10,000 பேர் அளவுக்கு இறந்தார்கள். செயற்கைக்கோள் இருந்தும் இறந்தார்கள்; தங்க இடமில்லை, செய்தி போகவில்லை. 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே கரையைத் தாக்கியது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் புயல் காப்பகங்கள் கட்டப்பட்டிருந்தன, கிராமந்தோறும் ஆட்கள் பயிற்சி பெற்றிருந்தார்கள், செயற்கைக்கோள் கண்ணும் கூர்மையாகியிருந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் 50க்கும் குறைவு. விண்வெளிக்குச் செய்த செலவு வீண் என்பவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விண்வெளி மட்டும் போதும் என்பவர்களும் அதே இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

அவர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு நாளும் இருக்கிறது: 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் குமரிக்கடலில் திடீரென வலுத்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரம் கரையிலும் இருந்து ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள், காணாமல் போனார்கள். பலர் கரையை விட்டுப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. கைபேசி எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. ராக்கெட்டுக்காகக் கரையைக் கொடுத்த தும்பா மீனவர்கள் வாழும் அதே கடலோரம்! மேலே கண் இருந்தது. கீழே காது எட்டவில்லை. ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியே செய்தி வாங்கும் சிறு கருவிகள் படகுகளுக்குப் பரவலாக வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அரை நூற்றாண்டு விண்வெளித் திட்டம் கடைசி 200 கிலோமீட்டரைக் கடக்க அத்தனை உயிர்ப்பலி கேட்டது மன்னிக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

மலேசியாவுக்கு வருவோம். 1996 ஜனவரியில் மீசாட்-1 விண்ணில் ஏறியதால்தான் நம் வீட்டுக் கூரைகளில் ஆஸ்ட்ரோ தட்டுகள் முளைத்தன. தமிழ் அலைவரிசையும் வந்தது. 2007 அக்டோபர் 10ஆம் நாள் டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் ரஷ்ய விண்கலத்தில் ஏறினார். சுகோய் போர் விமானங்கள் வாங்கியதோடு சேர்ந்து வந்த வாய்ப்பு அது. நாடே மகிழ்ந்தது, பள்ளிகளில் பேச்சுப்போட்டி நடந்தது. 2009 ஜூலையில் ராசாக்சாட் என்ற படம்பிடிக்கும் செயற்கைக்கோளை ஏவினோம். நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றும்படி அதை அமைத்திருந்தார்கள். நம் வானத்தில் மேகம் எப்போதும் கவிந்திருக்கும். நாளுக்குப் பலமுறை தலைக்குமேல் கடந்தால்தான் மேகம் விலகிய நேரத்தில் நிலத்தைப் படம் பிடிக்க முடியும். நல்ல யோசனை. ஆனால் ஓராண்டு அளவிலேயே அது செயலிழந்தது. கணக்காய்வு அறிக்கையும் குறை சொன்னது.

இவற்றில் எது வீண்செலவு என்று கேட்டால், பெரும்பாலோர் ராசாக்சாட்டைக் கைகாட்டுவார்கள். சாராபாயின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. விண்வெளி வீரர் பயணம் வெற்றியாக முடிந்தது. அதன்பின் அந்த வழியில் இன்னொருவர் போகவில்லை. ராசாக்சாட் தோற்றது; ஆனால் அது நம் மேகத்தையும் நம் காட்டையும் எண்ணிச் செய்த ஒன்று, அதைச் செய்த கைகளில் இந்த நாட்டுப் பொறியாளர்களின் கைகளும் உண்டு. தோல்வியில் கற்ற அந்தக் கைகளுக்கு அடுத்த வேலையைத் தொடர்ந்து கொடுக்காமல் விட்டதுதான் நட்டம். தும்பாவில் முதலில் தோற்றவர்களைத்தான் சாராபாய் மறுபடி மறுபடி வேலைக்கு நிறுத்தினார்.

2023 மார்ச் தொடக்கத்தில் பெய்த அடைமழையில் சாஆ பட்டணம் மூழ்கியது நினைவிருக்கும். ஜொகூர் மாநிலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். அந்த மழைமேகங்களை விண்ணிலிருந்து பார்க்க நம் வானிலைத் துறை பயன்படுத்தும் படங்களில் முக்கியமானவை ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் அனுப்புபவை. ஜப்பானியர் வரிப்பணத்தில் சுற்றும் கண் அது, நமக்கும் காட்டுகிறது. அப்படியானால் நாம் ஏன் தனியாகச் செலவழிக்க வேண்டும் என்று எதிரணி கேட்கலாம். நல்ல கேள்வி. இரவல் கண்ணை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சாராபாயும் பார்த்தவர்தான்: முதல் ராக்கெட் அமெரிக்காவுடையது, முதல் கிராம ஒளிபரப்பும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாகத்தான். இரவல் வாங்க அவர் வெட்கப்படவில்லை. ஆனால் இரவல் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் கூட்டத்தை அதே நேரத்தில் வளர்த்தார். பணத்தின் பெரும்பகுதி போய்ச்சேர வேண்டிய இடம் அதுதான் என்று கருதினார். ஹிமாவாரியின் படத்தைப் பார்த்து, பெக்கோக் ஆறு எந்த இரவில் எந்தத் தாமானுக்குள் புகும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடம் எத்தனை பேர் என்று அவர் கேட்டிருக்கக்கூடும்.

அவர் பெயரில் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1973இல் நிலவின் மாரே செரினிடாடிஸ் எனப்படும் சமவெளியில் உள்ள ஒரு பள்ளத்துக்குச் சாராபாய் என்று பெயர் வைத்தார்கள். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 கொண்டுபோன தரையிறங்கு கலத்தின் பெயர் விக்ரம். அது நிலவில் மோதிச் சிதைந்தது. 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான்-3இன் விக்ரம், நிலவின் தென்துருவப் பகுதியில் பத்திரமாக இறங்கியது. நிலவுப் போட்டி நமக்கு வேண்டாம் என்று சொல்லி வந்தவரின் பெயரை நிலவிலேயே கொண்டுபோய் வைத்தாயிற்று. அவர் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். பிறகு அந்த 615 கோடி ரூபாய்ச் செலவுத் தாளை வாங்கிப் புரட்டி, தும்பாக் கரையில் இருப்பவனுக்கு இதில் எந்த வரி என்று தேடியிருப்பார் என்றே நினைக்கிறேன்.